நாப்பத்தி மூணு இஞ்சுக் குதிரை

அந்தச் செவுத்துல ஒட்டியிருந்த நோட்டீசத்தானுங்க படிச்சீங்க? குதிரை ரேக்ளா நோட்டீசு. பஸ்ஸு நின்ன நேரம் பூரா நீங்க அதையே பாத்துட்டிருந்தீங்க, நானும் பாத்தேன். கடேசியில, பொடி எழுத்துல ஒரு வரி போட்டிருக்கும், படிச்சீங்களா? 'கமிட்டியின் முடிவே இறுதியானது.' அதானுங்க. அந்த ஒரு வரிய நானு ஒத்துக்க மாட்டேன். இன்னைக்கில்ல, என்னைக்கும் ஒத்துக்க மாட்டேன்.

சித்த இக்கட்டால தள்ளி உக்காருங்க தம்பி, அந்தப் பக்கம் வெய்யலு. என்ற பேரு நாச்சிமுத்து. அந்தியூருக்கு அக்கட்டால ஓலக்காட்டுப்புதூரு. சோத்துக்கு ரெண்டு ஏக்கரா மஞ்சக்காடு இருக்குது. ஆனா முப்பது வருசமா என்ற வேலைன்னா பந்தயக் குதிரை பழக்கறதுதான். நானு பழக்குன குதிரை பவானியில ஓடியிருக்குது, கோபியில ஓடியிருக்குது, கோயமுத்தூரு வரைக்கும் போயி ஓடியிருக்குது. யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க. நல்லதாச் சொல்லுவாங்களான்னு கேக்காதீங்க. சொல்லுவாங்க.

உங்களுக்கு ரேக்ளா தெரியுங்களா? தெரியாதா? செரி, கேளுங்க. சின்ன ரெண்டு சக்கர வண்டியில குதிரையப் பூட்டி ரோட்டுல ஓட்டற பந்தயம். குதிரை ரேக்ளாவுல எந்தக் குதிரை எந்தப் பந்தயத்துல ஓடறதுன்னு வேகத்த வெச்சு முடிவு பண்றதில்லீங்க. வயச வெச்சும் இல்ல. ஒசரத்த வெச்சு. நாப்பத்தி மூணு இஞ்சு வரைக்கும் ஒரு பந்தயம். நாப்பத்தஞ்சு வரைக்கும் இன்னொண்ணு. அதுக்கு மேல போனா பெரிய குதிரை. பந்தயத்தன்னைக்குக் காத்தால கமிட்டிக்காரங்க ஒரு நிக்கற கட்டைய நட்டு வெச்சிருப்பாங்க. அதுல மேலயும் கீழயும் நகர்ற மாதிரி ஒரு குறுக்குச் சட்டம். குதிரைய அதுக்கடியில நிறுத்தி, பிடரி மயிரு முடிஞ்சு முதுகு தொடங்கற மேட்டுல அந்தச் சட்டத்த எறக்குவாங்க. கட்டையில எந்தக் கோடு காட்டுதோ அதுதான் குதிரை. அதோட வெசை என்ன, நெஞ்சு எப்படி, பழக்குனவன் யாரு, ஒண்ணும் கெடையாது. கோடுதான்.

எம்பட குதிரைக்குச் சிட்டுன்னு பேரு. செவலைப் பொட்டை. அந்தியூரு குதிரைச் சந்தையில ரெண்டு வயசுக் குட்டியாப் புடிச்சேன். அப்ப அது நாப்பத்தொரு இஞ்சு. வயிறு ஒட்டி, கண்ணுல பீளை தள்ளி நின்னுச்சு. ஒருத்தனும் திரும்பிப் பாக்கல. நானு பாத்தேன். அது நின்ன நெல இருக்குது பாருங்க, பின்னங்கால அப்படியே மண்ணுல ஊனி, 'எவன் வந்தாலும் வா'ங்கற மாதிரி ஒரு நெல. அதுக்காவத்தான் புடிச்சேன்.

ஊட்டுக்குக் கொண்டாந்து அதை நானு வெச்சுக்கிட்ட மாதிரி பெத்த புள்ளையக்கூட எவனும் வெச்சிருக்க மாட்டான். காத்தால ஊறவெச்ச கொள்ளு. பொழுதோட கேவுரு மாவு, பேரீச்சம்பழம். ரெண்டு நாளைக்கொருக்கா நாட்டுக்கோழி முட்டை. என்ற சம்சாரம், 'எனக்கு ஒரு நாளாச்சும் இப்படிப் பேரீச்சம்பழம் வாங்கியாந்திருக்கீங்களா?'ன்னு கேட்டா. நீ ஓடுவியான்னு கேட்டேன். மூணு வருசத்துல சிட்டு அப்படிப் பொலிஞ்சுட்டா. பாத்தவங்க, 'என்னுங்க நாச்சிமுத்தண்ணா, இது அந்தக் குட்டியா?'ன்னு வாயப் பொளந்துட்டு நிப்பாங்க. ஊருல அத்தனை பேரும் சொன்னாங்க, வளந்துட்டா வளந்துட்டான்னு.

ஆனா ஒசரம் வளரலீங்க. அத மட்டும் மொதல்லயே சொல்லிப்போடறேன். சதை வளந்துச்சு. பொலிவு வளந்துச்சு. ஒசரம் நாப்பத்தி மூணு. போன வருசம் நாப்பத்தி மூணு, இந்த வருசம் நாப்பத்தி மூணு, அடுத்த வருசமும் நாப்பத்தி மூணு.

எங்கூரு மாரியம்மன் நோம்பிக்கு வருசா வருசம் ரேக்ளா நடக்கும். சுத்துப்பட்டுல அதுக்கு நல்ல பேரு. அந்தப் பேர வாங்கிக் குடுத்தது யாருங்கறீங்க? நானுதானுங்க. பதினோரு வருசம் அந்தக் கமிட்டியில குதிரை அளந்தது நானு. அந்த அளவுக்கட்டையே என்ற கையால செஞ்சது. விதியெல்லாம் நானு எழுதுனது. 'லாடத்துடனேயே அளக்கப்படும். ஒரு முறைதான் அளக்கப்படும். மயிரிழை கூடினாலும் மேல் பிரிவு.' அச்சடிச்சு ஒட்டினேன். எவனாச்சும் வந்து, 'அண்ணா, சித்த பாத்து'ன்னு இழுத்தா அவனுக்கு அந்த வருசமே எடம் கெடையாது. அப்படி ஒரு கண்டிப்பு. என்ற குதிரைய எவன் அளந்தான்னு கேக்கறீங்களா? நானேதான் அளந்துக்குவேன். எனக்கு என்ற குதிரையத் தெரியாதா?

மூணு வருசத்துக்கு முந்தி அந்தப் பொறுப்ப நானே உட்டுட்டனுங்க. கூட்டம் போட்டு அல்லாரும் கையத் தூக்குனாங்க. நானும் செரின்னு உட்டுட்டேன்.

எனக்குப் பொறவு யார அளக்க வெக்கறதுன்னு ரோசனை பண்ணாங்க. தலைவரு தெய்வசிகாமணி சொன்னாரு, குதிரை வெச்சிருக்கறவன் அளந்தாத்தானே சண்டை, குதிரையே இல்லாதவன் ஒருத்தனப் போடலாம், ஆனா குதிரை தெரிஞ்சவனா இருக்கோணும்னு. அப்படித் தேடி, பவானியில அன்வர் பாய்னு ஒருத்தனப் புடிச்சாங்க. அவிங்கப்பா காலத்துல ஜட்கா ஓட்டுன குடும்பம். குதிரை நல்லாத் தெரியும். அத நானு இல்லீங்கல. இப்ப அவன் ஆட்டோ ஓட்டறான்.

அந்த அன்வருகிட்டயும் ஒரு காலத்துல குதிரை இருந்துச்சு. வெள்ளைக் குதிரை. மல்லின்னு பேரு. எட்டு வருசம் ஆச்சு, எங்கூருக்கு நாப்பத்தி மூணுல ஓட்டறதுக்குக் கொண்டாந்தான். நானு சட்டத்த எறக்குனேன். ஒரு மயிரிழை எச்சா இருந்துச்சு. மேல் பிரிவுன்னு சொல்லிப்போட்டேன். அவன் கையக் கட்டிக்கிட்டு, 'அண்ணா, லாடத்தக் கழட்டிட்டு ஒருக்கா அளந்து பாருங்கண்ணா, செரியா வந்துரும்'னான். விதியப் படின்னேன். படிச்சான். 'செரிங்கண்ணா'ன்னு கூட்டிட்டுப் போயிட்டான். அந்தக் குட்டிக் குதிரைய நாப்பத்தஞ்சுல உட்டான், கடேசியா வந்துச்சு. அடுத்த சந்தையில வித்துப்போட்டான்னு கேள்விப்பட்டேன். அவனுக்கு அது நல்லதுதான். இந்தக் காலத்துல குதிரை வெச்சு என்னத்தப் பண்றது? ஆட்டோன்னா நெலையான தொழிலு.

அவனத்தான் எம்பட சிட்டுவ அளக்க உட்டாங்க. இப்பப் புரியுதுங்களா? எட்டு வருசம் மனசுல வெச்சிருந்திருக்கறான். மூஞ்சியப் பாத்தாத் தெரியாது. சிரிச்ச மூஞ்சி.

இந்த வருசம் நோம்பியன்னைக்குக் காத்தால ஆறு மணி. நானு, என்ற மாப்பிள்ளை பூபதி, சிட்டு, மூணு பேரும் போயி நின்னோம். மாப்பிள்ளைதான் எங்களுக்கு வண்டி ஓட்டறது. என்ற மவ வளர்மதியக் கட்டுனவரு. கை நல்ல கை. கடிவாளத்தப் புடிச்சா பூவப் புடிச்ச மாதிரி இருக்கும். அத நானு சொல்லிக் குடுத்ததுன்னு அவரே ஒத்துக்குவாரு. இப்ப ஒத்துக்குவாரான்னு தெரியல.

அளக்கறதுக்கு முந்தி ஒரு பழக்கம் வெச்சிருக்கறனுங்க. சிட்டு முதுகுல இந்த எடத்துல ரெண்டு விரல வெச்சு மெதுவா ஒரு அழுத்து அழுத்துனா, அவ சித்த முதுகத் தாழ்த்திக் குடுப்பா. ஆறு மாசம் பழக்குனேன். தப்பெல்லாம் இல்லீங்க, குதிரை அடக்கமா நிக்கோணுமல்ல? ஆனா அன்னைக்குப் பாருங்க, பம்பை அடிக்கறவங்க அந்நேரம் பாத்து மொழக்குனாங்க. சிட்டு என்ன பண்ணா? விரலும் கெடையாது, அழுத்தும் கெடையாது. நெஞ்ச நிமித்தி, கழுத்தத் தூக்கி, நாலு காலையும் ஊனி நின்னுட்டா. கூட்டமே 'ஆகா'ங்குது. நானு மறுக்கா மறுக்கா அழுத்திப் பாக்கறேன்.

அன்வரு வந்தான். மொதல்ல அவ கழுத்தத் தடவிக் குடுத்தான். பம்பைக்காரங்களப் பாத்து, 'சித்த நிறுத்துங்கப்பா, குதிரை மெரளுது'ன்னான். நிறுத்துனாங்க. சட்டத்த எறக்குனான். நாப்பத்தி மூணே கால்.

நானு, நெலம் சாஞ்சிருக்குதுன்னேன். அவன் கட்டையப் புடுங்கி வேற எடத்துல நட்டான். மறுக்கா அளந்தான். நாப்பத்தி மூணே கால். குதிரை இப்பத்தான் நடந்து வந்திருக்குது, ஒடம்பு சூடா இருக்குது, சூட்டுல எதும் உப்பும்னேன். சிரிச்சாங்க பொழப்பத்தவங்க. அன்வரு சிரிக்கல. பத்து நிமிசம் கழிச்சு மூணாவது தடவை அளந்தான். அதே கால் இஞ்சு. என்ற விதிப்படி பாத்தா ஒரு தடவைதான் அளக்கோணும். மூணு தடவை அளந்தான்னா என்ன அர்த்தம்? அவனுக்கே அவன் அளவு மேல நம்பிக்கை இல்லேன்னுதானே அர்த்தம்?

அப்புறம்தானுங்க அந்தப் பேச்சு வந்துச்சு. எங்கிட்ட வந்து, மத்தவங்களுக்குக் கேக்காத மாதிரி மெதுவாச் சொல்றான். 'அண்ணா, விதியில லாடத்தோடன்னுதான் இருக்குது. ஆனா நானு தலைவருகிட்டச் சொல்லிக்கறேன். லாடத்தக் கழட்டுங்க, அளந்து பாத்துரலாம். லாடம் அடிக்கறவரு இங்கதான் இருக்கறாரு, உடனே திருப்பி அடிச்சுரலாம்.'

தம்பி, எனக்கு ஒடம்பெல்லாம் எரிஞ்சுது. பிச்சை போடறான் எனக்கு. பதினோரு வருசம் அளந்தவனுக்கு, அந்தக் கட்டையச் செஞ்சவனுக்கு, விதியெழுதுனவனுக்கு, சலுகை காட்டறான்! நானு சொன்னேன், 'அன்வரு, என்ற குதிரை லாடத்தோட நாப்பத்தி மூணு. லாடமில்லாம நாப்பத்தி ரெண்டே முக்கா. நீ ஒண்ணும் எனக்காவ வளைஞ்சு குடுக்க வேண்டாம். உன்ற கட்டை தப்பு.'

'இது நீங்க செஞ்ச கட்டைங்கண்ணா'ன்னான்.

'மரம் தம்பி, மரம். வெய்யலுல கெடந்தா சுருங்கும். கட்டை சுருங்கிப் போச்சுன்னா கோடு எறங்கத்தானே செய்யும்?'

நீங்களும் அதே கேள்வியத்தான் கேக்கறீங்க. லாடத்தக் கழட்டி அளந்திருந்தா செரியாப் போயிருக்குமேன்னு. போயிருக்கும். கண்டிப்பாப் போயிருக்கும். லாடம் கால் இஞ்சுதான். ஆனா அது அன்வரு குடுத்த எடமா இருந்திருக்கும். எனக்கு உண்டான எடத்த இன்னொருத்தன் கையில வாங்கறதா? அதுக்கு நானு ஆளு இல்லீங்க.

கமிட்டிப் பந்தலுக்கு முன்னால போயி உக்காந்துட்டேன். தரையில. துண்ட விரிச்சு. ரோட்டுக்கு முதுகக் காட்டி, தலைவரு மூஞ்சிக்கு நேரா. சிட்டுவ நாப்பத்தி மூணுன்னு எழுதற வரைக்கும் எந்திரிக்க மாட்டேன்னுட்டேன். தலைவரு வந்து, 'மாமா, காப்பி குடிச்சிட்டாச்சும் உக்காருங்க'ன்னாரு. காப்பியும் வேண்டாம், கமிட்டியும் வேண்டாம்னேன். போலீசு பத்து மணி வரைக்கும்தான் பந்தயத்துக்கு நேரம் குடுத்திருந்தாங்க. அவங்களுக்கு அவசரம். எனக்கு என்ன அவசரம்?

மாப்பிள்ளை வந்து பக்கத்துல குந்தவெச்சு உக்காந்தாரு. 'மாமா, நாப்பத்தஞ்சுல உட்டுப் பாக்கலாமுங்களா? சிட்டு நல்லா இருக்கறா. காலு துடிக்குது அவளுக்கு'ன்னாரு.

நானு திரும்பாமயே சொன்னேன். 'நாப்பத்தஞ்சுல உட்டீங்கன்னா இனி நம்ம ஊட்டுப் படிய மிதிக்க வேண்டாமுங்க மாப்பிள்ளை.'

அவரு எந்திரிச்சு சிட்டுகிட்டப் போயிட்டாரு. நல்ல மனுசன். அடங்கிப் போற மனுசன். அடங்காதது யாருன்னா என்ற மவ. வளர்மதி. நோம்பிக்கு வந்தவ, பொங்கச்சட்டிய எறக்கி வெச்சிட்டு, சீலை முந்தானைய இடுப்புல சொருகிக்கிட்டு நேராக் கமிட்டி மேசைக்குப் போயிருக்கறா. எனக்கு நாலு முழம் தள்ளி. எனக்குத் தெரியவே தெரியாது. 'நாச்சிமுத்து மவ நானு. எங்க குதிரைய நாப்பத்தஞ்சுல எழுதுங்க'ன்னு சொல்லி, கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கறா. எவன் சொன்னாலும் கேக்க மாட்டா. நெனச்சா நெனச்சதுதான். அந்த வீம்பு யாருகிட்டருந்து வந்துச்சுன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் வெளங்கல. அவங்கம்மா நெம்ப சாது.

எனக்கு எப்படித் தெரிஞ்சுதுங்கறீங்க? மைக்குல. 'ஓலக்காட்டுப்புதூர் நாச்சிமுத்து அவர்களின் குதிரை சிட்டு'ன்னு அறிவிக்கறாங்க. நானு சடார்னு எந்திரிச்சேன். பணிஞ்சுட்டாங்கன்னு நெனச்சேன் தம்பி! நாச்சிமுத்து உக்காந்தா கமிட்டி எந்திரிக்கும்னு நெனச்சேன். துண்ட ஒதறித் தோளுல போட்டுட்டேன். அப்பத்தான் மிச்சத்தச் சொல்றான், 'நாப்பத்தஞ்சு இஞ்சுப் பிரிவு'ன்னு. பொக்குனு போச்சுங்க எனக்கு. நாலு பேரு பாத்துட்டாங்க. அந்தத் துண்ட மறுக்கா எடுத்து விரிச்சு, மறுக்கா உக்காந்தேன். மொதத் தடவைய விட நிமுந்து உக்காந்தேன்.

கொடி அசைச்சாங்க. பன்னெண்டு குதிரை. எனக்குப் பின்னால, இதோ இந்த சீட்டுக்கும் அந்தக் கம்பிக்கும் உண்டான தொலவுல, பன்னெண்டு குதிரையும் கெளம்பிப் போச்சு. நானு திரும்பல. ஊரே அந்தப் பக்கம் பாக்குது, நானு ஒருத்தன் தலைவரு மூஞ்சியப் பாத்துட்டு உக்காந்திருக்கறேன். தலைவரும் என்னையப் பாக்கல, எட்டி எட்டி ரோட்டத்தான் பாத்தாரு.

போக மூணு மைலு, வர மூணு மைலு. வர்றப்ப சத்தம் மொதல்ல வரும். ரோட்டுல லாடச் சத்தம். நெறையா குதிரைக எக்கச்சக்கமா வருமுங்க, ஆனா என்ற காதுக்கு அதுல ஒண்ணுதான். சிட்டு வலது முன்னங்கால வெக்கறப்ப சித்த எச்சா அழுத்தி வெப்பா. டக்கு டக்கு டொக்கு, டக்கு டக்கு டொக்கு. அந்தச் சத்தம் தனியா வந்துச்சு. முன்னால ஒண்ணுமில்ல, பக்கத்துல ஒண்ணுமில்ல, அது மட்டும் தனியா வந்துச்சு. என்ற கழுத்து இப்படித் திரும்பப் பாத்துச்சு தம்பி. நானு ரெண்டு கையாலயும் துண்டப் புடிச்சுக்கிட்டேன். கழுத்துல நரம்பு புடைச்சுக்கிச்சு. ஆனா திரும்பல. திரும்பியிருந்தா அந்தப் பந்தயத்த ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிருமல்ல?

ஆமாங்க. மொத எடம். எம்பட சிட்டு, நாப்பத்தஞ்சு இஞ்சுக் குதிரைகள, அத்தாச்சோடு பெரிய பெரிய குதிரைகளப் பின்னால உட்டுட்டு வந்திருக்கறா. கத்தறாங்க, விசிலடிக்கறாங்க, மாப்பிள்ளையத் தூக்கிக்கிட்டு ஆடறாங்க. அன்வரு, கட்டைய அப்படியே போட்டுட்டு ஓடி வந்து எனக்கு முன்னால குந்திட்டான். கண்ணெல்லாம் தண்ணி. 'அண்ணா, இப்படி ஒரு ஓட்டம் நானு பாத்ததில்லீங்கண்ணா. எப்படிப் பழக்குனீங்க?'ன்னு என்ற கையப் புடிக்கறான்.

'கட்டைய மாத்து'ன்னேன்.

அப்புறம் வளர்மதி வந்தா. கோப்பையக் கொண்டாந்து என்ற துண்டு மேல வெச்சா. 'அப்பா, எந்திரீங்க. சிட்டு உங்களத் தேடறா'ன்னா.

'இது தப்பான பந்தயம் அம்மிணி. இந்தக் கோப்பை நம்மளுது இல்ல.'

'ஓடுனது நம்ம சிட்டுதானே?'

'ஓடுனது சிட்டுதான். ஓடுன எடம் தப்பு.'

அவ குனிஞ்சு கோப்பையக் கையில எடுத்தா. அப்புறம் கேக்கறா, 'மூணு வருசமா நீங்க குதிரையப் பழக்குனீங்களாப்பா, இஞ்சப் பழக்குனீங்களா?'

அதுக்கு எங்கிட்டப் பதில் இருந்துச்சுங்க. பொட்டப்புள்ளைகிட்ட நாலு பேரு முன்னால என்னத்தப் பேசறதுன்னு உட்டுட்டேன்.

கோப்பைய அவளே எடுத்துட்டுப் போயிட்டா. நாப்பத்தி மூணு பந்தயமும் நடந்துச்சு. எவனோ ஒருத்தன் ஜெயிச்சான், பேருகூட நெனப்பில்ல. பந்தலப் பிரிக்கற வரைக்கும் நானு உக்காந்திருந்தேன். என்னைய எந்திரிக்க வெக்க ஒருத்தனாலயும் முடியல. பந்தக்காலப் புடுங்கறவன், 'ஐயா, சித்த நகருங்க, கயிறு கெடக்குது'ன்னான். அப்பத்தான் எந்திரிச்சேன்.

இன்னையோட நாப்பத்தோரு நாளு. மாப்பிள்ளை ஊட்டுக்கு வர்றதில்ல. நானுதானே படிய மிதிக்க வேண்டாம்னேன், மனுசன் சொன்னா சொன்னபடி நிக்கறாரு. காத்தால அஞ்சு மணிக்குக் கட்டுத்தரைக்குப் பின்பக்கமா வந்து, சிட்டுவப் புடிச்சுக்கிட்டு வாய்க்கா ரோட்டுக்குப் போயி ஓட்டிட்டு, திரும்பிக் கொண்டாந்து கட்டிட்டுப் போறாரு. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டிருக்கறாரு. கொள்ளு ஊறவெக்கறது நானு. அது மட்டும் அவருக்குத் தெரியும். சிட்டுவும் இப்பெல்லாம் காத்தால வெளியத்தான் பாத்துட்டு நிக்கறா. பாக்கட்டும்.

இப்ப எங்க போறேன்னு கேட்டீங்களே, சொல்றேன். இன்னைக்குத் திங்கக்கெழமை. கலெக்டரு ஆபீசுல மனு வாங்கற நாளு. இது மூணாவது மனு. போன தடவை அந்த மேசையில இருந்த அம்மா படிச்சுட்டு, 'ஐயா, உங்க குதிரை ஜெயிச்சது செல்லாதுன்னு அறிவிக்கச் சொல்லி நீங்களே மனு குடுக்கறீங்களா?'ன்னு ரெண்டு தடவை கேட்டாங்க. ஆமாங்கம்மான்னேன். நாப்பத்தி மூணு இஞ்சுக் குதிரை நாப்பத்தஞ்சுல ஓடுனது முறைகேடு. அந்த வெற்றிய ரத்து பண்ணோணும். அளவுக்கட்டைய அரசாங்கம் சோதிக்கோணும். எம்பட சிட்டுவ நாப்பத்தி மூணுன்னு எழுத்து மூலமா அறிவிக்கோணும். மூணே கோரிக்கைதான். அந்தம்மா பக்கத்துல இருந்தவரப் பாத்தாங்க. அவரு ஃபேனப் பாத்தாரு. முத்திரை குத்திக் குடுத்தாங்க. இன்னைக்கும் குத்துவாங்க. குத்தட்டும். எத்தனை தடவை குத்துவாங்கன்னு நானும் பாக்கறேன்.

சந்தோசப்படலாமேன்னு சொல்றீங்க. பெரிய குதிரையெல்லாத்தையும் ஜெயிச்சிருக்குதே, அதவிட என்னங்கன்னு. அல்லாரும் இதத்தான் சொல்றாங்க. சொல்றது சுலபம். அந்த ஓட்டத்தப் பாத்தவங்க சொல்லலாம். நானு பாக்கல தம்பி. எங்கூருல அன்னைக்கு ஆயிரம் பேரு இருந்தாங்க, தொண்ணூத்தொம்பது ஊருச் சனம் இருந்துச்சு, பஞ்சுமுட்டாயி விக்கறவன் பாத்தான், பாக்காதவன் நானு ஒருத்தன்தான்.

போனுல இருக்குதுங்க. எவனோ பைக்குல கூடவே போயிப் படம் புடிச்சிருக்கறான். வளர்மதி அன்னைக்குப் பொழுதோடயே அனுப்பி வெச்சா. நானு தொறக்கல. நாப்பத்தோரு நாளா அது அப்படியே கெடக்குது.

ஒண்ணு பண்றீங்களா தம்பி? நீங்க பாருங்க. நானு பாக்க மாட்டேன். நானு இந்த சன்னலப் பாத்துட்டு உக்காந்துக்கறேன். எனக்கு ஒரே ஒரு சங்கதி தெரியோணும். மூணாவது மைலுல கொடி நட்டிருப்பாங்க, அங்க வண்டியத் திருப்போணும். சிட்டுகிட்ட இருந்த ஒரே கொறை அதுதான். திருப்பத்துல தலையத் தூக்கிருவா. தலையத் தூக்குனா மூச்சு ஒடையும், பத்து பாகம் தூரம் பின்னால போயிருவா. அதைத் திருத்தத்தான் ரெண்டு வருசம் நானு வாய்க்கா மேட்டுல அவ கூட ஓடுனேன். என்ற முட்டி போனதே அதுலதான். ஆனா பழக்கத்துல தூக்காம இருக்கறது வேற, பந்தயத்துல வேற. அத மட்டும் பாத்துச் சொல்லுங்க. இந்தாங்க. அந்தப் பச்சைப் பொட்டி. அதேதான். சத்தத்தக் கம்மி பண்ணுங்க, எனக்குக் கேக்க வேண்டாம்.

பவானி ஆத்துல இந்த வருசம் தண்ணி பரவால்லீங்க...

திருப்பம் வந்துருச்சா? இன்னும் இல்லையா. எத்தனாவதா போறா? அஞ்சாவதா. செரி செரி, அது அப்படித்தான், போறப்ப மெதுவாத்தான் போவா. நானுதான் அப்படிப் பழக்குனேன்.

என்னுங்க?

தூக்கலயா? நெசமாவா சொல்றீங்க? எனக்காவச் சொல்லாதீங்க. திருப்பிப் போட்டுப் பாருங்க. காதப் பாருங்க, காது பின்னால படிஞ்சிருக்குதா? படிஞ்சிருக்குதா! மாப்பிள்ளை சாட்டைய எடுக்கறாரா? எடுக்கலயா. கடிவாளத்த இழுக்கறாரா, உடறாரா? உடறாரு. உட்டுத்தான் ஆவோணும். அங்க உட்டாத்தான் அவ தலையத் தாழ்த்துவா. நானு சொன்னப்ப அவரு அத நம்பவே இல்ல...

இல்லீங்க, கண்ணுல காத்து அடிச்சிருச்சு. இந்த சன்னலு சாத்தறதுக்கு வராது போலிருக்குது.

போனக் குடுங்க. பாக்கறதுக்கு இல்ல, பையில வெக்கறதுக்கு. ஈரோடு வந்துருச்சு, நானு எறங்கோணும். இங்கருந்து இன்னொரு பஸ்ஸு புடிக்கோணும். நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம், மனு குடுத்தே தீருவேன். அந்த வெற்றி ரத்தாவற வரைக்கும் உட மாட்டேன்.

தம்பி, பேனா வெச்சிருக்கீங்களா? கண்டக்டரே, சித்த நிறுத்துங்க, எறங்கறேன், ஒரு வரிதான். மனுவுல கடேசியா ஒரு வரி சேக்கோணும், நீங்களே எழுதிப்போடுங்க. எழுதுங்க: 'மேற்படி குதிரை திருப்பத்தில் ஒரு முறைகூடத் தலையைத் தூக்கவில்லை என்பதைத் தெரிவித்துக் கொள்கிறேன்.'

கோரிக்கைக்குக் கீழ இல்லீங்க. மேல எழுதுங்க. கலெக்டரு அத மொதல்ல படிக்கட்டும்.